நெஞ்சு அடிக்காமல் மலையேற

கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு சின்ன மடம் இருந்தது. அதன் தலைவி அலர்மேல் அம்மைக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த மாசிலாமணியோ பேரன் எடுத்தவர்.

உச்சியில் இருக்கும் சுனையிலிருந்து பூசைக்குத் தண்ணீர் வரவேண்டும். ஆளுக்கொரு நாள் முறை. மாசிலாமணியின் முறை வரும்போதெல்லாம் அவருக்குக் கால் வலிக்கும், இல்லாவிட்டால் தலை சுற்றும். மற்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள்.

ஒரு காலை அவர் துணி மூட்டையோடு அம்மை முன் வந்து நின்றார்.

"ஊருக்கே போயிடறேன் அம்மா."

"ஏன்?"

"மலை ஏறினா நெஞ்சு படபடன்னு அடிக்குது. எங்க அண்ணன் நெஞ்சு நின்னுதான் போனார். அடிக்கிற ஒவ்வொரு தடவையும் அவர் முகம்தான் வருது."

"டாக்டர்கிட்டக் காட்டினீங்களா?"

"காட்டினேன். குறை ஒண்ணுமில்லை, தாராளமா ஏறுங்கன்னுட்டார். ஆனா அடிக்குதே அம்மா. நீங்க தியானத்துல பழகினவங்க. உங்க நெஞ்சு அடிக்காது. அதை அடக்குற வித்தையைச் சொல்லிக்கொடுத்தா இருக்கேன்."

அம்மை மூட்டையை வாங்கி ஓரமாக வைத்தார். "வாங்க, ஏறுவோம்."

இருவரும் ஏறினார்கள். மாசிலாமணி நின்று நின்று மூச்சு வாங்கி ஒருவழியாக உச்சிக்கு வந்தார். அம்மை தன் கையை நீட்டினார்.

"நாடியைப் பாருங்க."

தயங்கியபடி விரல் வைத்தவர் திடுக்கிட்டார். உள்ளே குதிரை ஓடிக்கொண்டிருந்தது.

"உங்களுக்குமா அம்மா?"

"எனக்கும்தான்."

"அப்ப உங்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

"விரலை எடுக்காதீங்க."

சுனையோரம் உட்கார்ந்தார்கள். ஒரு காகம் வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் பறந்தது. அதற்குள் அம்மையின் நாடி தணிந்து, நிதானமாக நடக்க ஆரம்பித்திருந்தது. மாசிலாமணி தன் மார்பைத் தொட்டுப் பார்த்தார். அங்கே இன்னும் ஓட்டம்தான்.

"எப்படி இவ்வளவு சீக்கிரம் இறங்குது?"

"நாளைக்கு உங்க அண்ணனைப் பத்தி என்கிட்டப் பேசிக்கிட்டே ஏறுங்க. பேச்சு திக்கினா நடையைக் குறைங்க. அவ்வளவுதான்."

மறுநாள் முதல் வளைவிலேயே பேச்சு நின்றுவிட்டது. அண்ணனும் அவரும் புளியமரத்தில் ஏறியதோடு சரி. இறங்கிய கதையைச் சொல்ல மூச்சில்லை. நடையைக் குறைத்தார். தினமும் ஏறினார்கள். கதை மெல்ல மெல்ல மேலே போனது. அண்ணன் பள்ளிக்கூடம் முடித்தார், கல்யாணம் செய்தார், தம்பியோடு சண்டை போட்டார்.

இடையில் மாசிலாமணிக்கு ஒரு புதுப் பித்துப் பிடித்தது. எதைக் கண்டாலும் நாடி பார்த்தார். சமையல்காரரைப் பிடித்துப் பார்த்தார். தூங்குகிற நாயின் விலாவில் கை வைத்துப் பார்த்தார். சாப்பிடும் முன்பும் பின்பும் தன் நாடியைப் பார்த்தார். ஒருநாள் அவசரமாக அம்மையிடம் வந்தார்.

"ஒரு விந்தை அம்மா. நான் இன்னும் ஒரு அடிகூட எடுத்து வைக்கலை. மலைப் பாதையைப் பாத்ததுமே துடிப்பு கூடுது."

"நீங்க கிளம்பப் போறது அதுக்குத் தெரிஞ்சிருக்கு."

"நான் சொல்லாமலேயா?"

"நல்ல வேலையாளுக்குச் சொல்லணுமா?"

அன்று அவர் சிரித்துக்கொண்டே ஏறினார்.

மழைக்காலம் வந்து போனது. ஒரு காலை, அண்ணனின் கடைசி நாளைப் பற்றிப் பேசியபடி ஏறினார். ஆஸ்பத்திரி வாசல், அண்ணி அழுதது, தான் ஊரிலிருந்து போய்ச் சேரத் தாமதமானது, எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்தபோது சுனை எதிரே இருந்தது. குரல் உடைந்திருந்தது. மூச்சு உடையவில்லை.

குடத்தை நிரப்பி வைத்துவிட்டு வழக்கம்போல் நாடியைத் தொட்டார். குடத்துத் தண்ணீரின் ஆட்டம் அடங்குவதற்குள் துடிப்பு தணிந்துவிட்டது. ஆனாலும் அவர் முகத்தில் ஒரு யோசனை.

"என்ன?" என்றார் அம்மை.

"பயம் போயிடுச்சு அம்மா. உக்காந்ததும் அடங்கிடுது. ஆனா ஏறும்போது அடிக்கத்தான் செய்யுது. அடிக்காம இந்த மலையை ஏற எனக்கு ஒரு நாள் வருமா?"

"வரும்."

மாசிலாமணி ஆவலோடு நெருங்கி உட்கார்ந்தார்.

"எப்ப அம்மா?"

"நாலு பேர் உங்களைத் தூக்கிக்கிட்டு ஏறும்போது."