கடித்து வைத்த அத்திப்பழம்

மரங்கொத்திகள் விடிந்ததுமே வேலையைத் தொடங்கிவிடும் ஒரு காட்டில், கூரப்பன் என்றொரு முள்ளம்பன்றி இருந்தான். சாதாரண முள்ளம்பன்றி என்று நினைத்துவிடாதீர்கள், பிள்ளைகளே! அவன்தான் அந்தக் காட்டின் சேமிப்புக் கண்காணிப்பாளன்.

அது என்ன பதவி என்கிறீர்களா? அணில், கிளி, ஆந்தை எல்லாம் குடியிருந்த பொந்துகள் மரங்கொத்திகள் கொத்திக் கொடுத்தவை. அதற்குக் கூலி அத்திப்பழம். அதில் ஒரு பங்கை உலர்த்திப் பொதுச் சேமிப்பில் போட்டுவிடுவார்கள். அலகு மழுங்கி வேலை செய்ய முடியாமல் போகும்போது உட்கார்ந்து சாப்பிட வேண்டுமே! ஒரு மரம் சாய்ந்தாலும் மற்றவை மிஞ்சட்டும் என்று மருதம், வேங்கை, இலுப்பை ஆகிய மூன்று மரங்களின் அடிப்பொந்துகளில் பழத்தைப் பிரித்து வைத்திருந்தார்கள்.

காப்பாளன் இனியன் என்ற மரநாய். பேச்சில் தேன் ஒழுகும். ஆனால் மரநாய்க்குப் பழம் என்றால் உயிர் என்பது காட்டுக்கே தெரியும். அதனால்தான் சிங்க மகாராஜா சட்டம் போட்டு, கூரப்பனுக்கு நான்கு அதிகாரங்கள் கொடுத்திருந்தார். காப்பாளனைக் கேள்வி கேட்கலாம். சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பொந்தைப் பார்க்கலாம். பொந்தை அடைத்து வைக்கலாம். தேவைப்பட்டால் காப்பாளனையே மாற்றலாம்.

கூரப்பன் இந்த நான்கையும் தினமும் ஒப்பிப்பான். முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு குட்டைத் தண்ணீரில் தன் கம்பீரத்தைப் பார்த்து ரசிப்பான். ஆனால் இதுவரை அவன் தொட்டது முதல் அதிகாரத்தை மட்டும்தான்.

"எல்லாம் சரியா இருக்கா, இனியா?"

"இருக்குங்க ஐயா."

அதோடு வேலை முடிந்தது. உடம்பெல்லாம் முள் இருந்து என்ன பயன்? சண்டை என்றாலே அவன் ஒதுங்கிப் போய்விடுவான்.

ஒருநாள் செங்கொண்டை என்ற கிழட்டு மரங்கொத்தி வந்தார்.

"ஐயா, என் அலகு மழுங்கிப்போச்சு. ஒரு புழுவைக்கூடத் தோண்ட முடியலை. சேமிப்பிலிருந்து பழம் கேட்டா, இனியன் நாளைக்கு வா, நாளைக்கு வான்னு இழுத்தடிக்கிறான். பட்டினி கிடக்கிறேன்யா."

கூரப்பனுக்கு மனசு துடித்துப்போயிற்று. "விடுவேனா? சோதனை போட்டுடுவோம்!" என்று முழங்கினான். முழங்கிவிட்டுக் காக்கையைக் கூப்பிட்டு, "நாளைக் காலையில மருதமரத்துக்கு வர்றேன்னு இனியன்கிட்ட சொல்லிடு. அவனுக்குத் தொந்தரவு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டு அனுப்பினான்.

செங்கொண்டை அவனையே பார்த்தார். "சொல்லிட்டா போவீங்க?"

"மரியாதைன்னு ஒண்ணு இருக்கே, பெரியவரே!"

மறுநாள் மருதமரப் பொந்தில் பழம் நிரம்பி வழிந்தது. "பாருங்க ஐயா, பெரியவருக்குத்தான் பொறுமை இல்லை," என்று இனியன் சிரித்தான். தரம் பார்க்கிறேன் என்று கூரப்பன் ஒரு பழத்தைக் கடித்தான். உடைந்த முன்பல்லில் இனிப்பு பட்டதும் சுரீர் என்றது! யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டு, பழத்தை மெதுவாக மேலேயே வைத்துவிட்டான்.

"பிரமாதம்! நாளைக்கு வேங்கைமரம்."

அடுத்த நாள் வேங்கைமரப் பொந்தும் நிரம்பியிருந்தது. ஆனால் மேலாக ஒரு கடிபட்ட பழம் கிடந்தது.

"சீச்சீ!" என்று கூரப்பன் முகம் சுளித்தான். "வயசானவங்க சாப்பிடுற பழத்தை இப்படிக் கடிச்சு வெச்சது யாரு?"

"நாகரிகம் தெரியாத ஏதோ ஒண்ணுங்க ஐயா."

"தடத்தைப் பாரு! நடுப்பல்லு உடைஞ்சிருக்கு. உடைஞ்ச பல்லை வெச்சுக்கிட்டு இவனுக்கு எதுக்கு அத்திப்பழம்?"

சொல்லிக்கொண்டே தன் முன்பல்லை நாக்கால் தடவினான். நாக்கு அங்கேயே நின்றுவிட்டது.

அட ராமா! நேற்று மருதமரத்தில் கடித்த பழம் இன்று வேங்கைமரத்துக்குக் கால் முளைத்தா வந்தது? 'வர்றேன் வர்றேன் என்று ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டு வந்தால், திருடன் என்ன தூங்கிக்கொண்டா இருப்பான்? என்னைப் போல ஒரு மண்டூகம் உண்டா?' என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

"ஐயா, இலுப்பைமரத்துக்கு நாளைக்குத்தானே வர்றீங்க?" என்று குழைந்தான் இனியன்.

"இல்லை. இப்பவே."

"இப்பவா? காக்கை வந்து சொல்லவே இல்லையே, ஐயா!"

கூரப்பன் இந்த முறை ஒதுங்கவில்லை. முள்ளையெல்லாம் சிலிர்த்து, வேங்கைமரப் பொந்தின் வாயை முதுகால் அடைத்துக்கொண்டு, கிளையில் இருந்த காக்கையைக் கூப்பிட்டான். "காக்கா, மத்த ரெண்டு மரத்தையும் பார்த்துட்டு வா!"

காக்கை பறந்து போய்த் திரும்பி வந்தது. "ரெண்டு பொந்திலும் வெறும் காத்துதான் இருக்கு."

மற்ற பழமெல்லாம் இனியன் வயிற்றிலும் அவன் சொந்தக்காரர்கள் வயிற்றிலும் போயிருந்தது. கூரப்பன் அன்றே காப்பாளனை மாற்றினான். மிஞ்சிய பழத்தைக் காக்கும் பொறுப்பு மரங்கொத்திகளிடமே வந்தது. தின்ற பழத்துக்கு ஈடாக இனியன் காடு முழுக்க அலைந்து பழம் பொறுக்க வேண்டியதாயிற்று. ஆனால் சேமிப்பு நிரம்பும்வரை எல்லாக் கிழட்டு மரங்கொத்திகளுக்கும் அரைவயிறுதான்.

செங்கொண்டை தன் பங்கை வாங்கிப் பார்த்தார். "ஐயா, இதை யாரோ கடிச்சிருக்காங்களே?"

கூரப்பன் தலையைக் குனிந்துகொண்டான். "நான்தான், பெரியவரே. இந்தப் பதவிக்கு வந்து நான் செஞ்ச உருப்படியான வேலை அது ஒண்ணுதான்."

நீதி: கண்காணிக்கும் அதிகாரத்தைப் பெற்றவன், அதைப் பயன்படுத்தத் தயங்கினால், திருடனுக்கே துணை போகிறான்.