போஜன் ஃபோர்க்கில் எவ்வளவு காற்று

முன்னொரு காலத்தில், ரொம்ப முன்னே எல்லாம் இல்லை, இப்போது நிற்கிற தேயிலைச் செடிகளேதான் அப்போதும் நின்றன, கோத்தகிரிப் பக்கத்து மலைச் சரிவில் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. கொட்டகைக்குள் மலை சைக்கிள்கள் இருந்தன. அந்தச் சைக்கிள்களில் மலை இறங்கக் கற்றுக்கொடுக்க ஒரு குருவும் இருந்தார்.

குருவுக்குத் தாடி கிடையாது. முப்பது வயதுப் பெண். பெயர் ஜெனோவா. அவரைவிட மூத்தவர்களும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

கொட்டகையிலிருந்து கீழே ஓடைவரை ஓர் ஒற்றையடிப் பாதை போகும். முதலில் தேயிலை, அப்புறம் சோலை, சோலைக்குள் வழுக்குகிற வேர்கள். பாதி வழியில் ஆட்டுக்கல் என்று பேர் வைத்த ஒரு பாறை. அங்கே பாதை இடுப்புயரத்துக்கு அறுந்து விழும். அதைச் சைக்கிளோடு தாண்டி, வேகம் குறையாமல் ஓடைக்குப் போகிறவன் மாநிலப் போட்டிக்குப் போகலாம். ஆனால் வருடத்துக்கு ஒருவன்தான், தேர்வு நாளில் முதலில் ஓடை சேருகிறவன்.

அந்த ஓர் இடத்துக்காகத் தயாபரன் காத்திருந்தான். தேயிலைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட், காலையில் பயிற்சி. மாஸ்டரைவிட இரண்டு மூன்று வயது பெரியவன். கொட்டகைக்குத் தகரம் அடித்த அன்றைக்கு ஏணி பிடித்ததே அவன்தான். சாவியும் அவனிடம்தான் இருந்தது. இந்த வருடம் உனக்குத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். அவனும் நம்பி வீட்டில் சொல்லிவிட்டான்.

அப்புறம் போஜன் வந்தான்.

கொட்டகைக்கு மேலே இருந்த ஹட்டியில், படுகர் கிராமத்தில், அவன் வீடு. ஒல்லி. உருளைக்கிழங்குத் தோட்டத்துச் சேறு காலில் காயாமலே பயிற்சிக்கு வருவான், தாமதமாக வருவான், வந்தவுடன் பேச ஆரம்பிப்பான். வந்த வாரத்திலேயே, பஸ்ஸிலிருந்து இறங்குகிற மாதிரி ஆட்டுக்கல்லில் இறங்கிவிட்டான்.

தயாபரனுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் கண் போஜனைவிட்டு நகரவில்லை. போஜனின் சீட் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பார்த்தான், தன் சீட்டையும் தாழ்த்தினான். போஜனின் ஹேண்டில்பார் கொஞ்சம் குட்டை. தன்னுடையதையும் ரம்பத்தால் அறுத்துக்கொண்டான். தோள் அகலமானவனுக்கு அது கை கட்டிப்போட்ட மாதிரி இருந்தது. பரவாயில்லை என்று ஓட்டினான். போஜன் என்ன டயர் போட்டிருக்கிறானோ அதே டயர். ஒரு நாள் போஜன் கிழிந்த கையுறையோடு வந்தான். நல்லவேளை, அதை மட்டும் அவன் காப்பியடிக்கவில்லை.

மாஸ்டர் சொல்லிக்கொடுப்பதெல்லாம் தயாபரனுக்குத்தான். ஒரு விரல் போதும் பிரேக்குக்கு, மற்ற விரல்கள் பிடியில் இருக்கட்டும் என்பார். வளைவுக்கு முன்னாலேயே பிரேக் பிடித்து முடித்துவிடுங்கள், வளைவுக்குள் பிடித்தால் சக்கரம் வழுக்கும் என்பார். இறக்கத்தில் குதிகாலைத் தாழ்த்துங்கள் என்பார். போஜனுக்கு இதில் ஒன்றும் கிடையாது. அவன் போகிறபோது சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். அவன் ஏதாவது சொன்னால் சிரிப்பார்.

இன்னொன்றும் இருந்தது. போஜனை மாஸ்டர் டேய் என்று கூப்பிட்டார். தயாபரனை வாங்க, போங்க என்றார். அது மரியாதை என்று மற்றவர்கள் நினைத்தார்கள். வாசலில் நிற்கிற விருந்தாளியிடம் பேசுகிற பேச்சாக அது தயாபரனுக்குக் கேட்டது.

ஒரு காலை அவன் போஜனுக்குப் பின்னாலேயே இறங்கினான். வேர்களில் முன்சக்கரம் மாட்டிச் சாய்ந்தான். மாஸ்டர் ஏறி வந்தார்.

"எதப் பாத்து ஓட்டுனீங்க?"

"பாதையத்தான்."

"போஜனோட பின்சக்கரத்தப் பாத்தீங்க. கண்ணு எங்க போகுதோ சைக்கிளும் அங்கதான் போகும். அவன் பின்னாடியே போனா அவனுக்குப் பின்னாடிதான் போய்ச் சேருவீங்க."

தயாபரன் தலையாட்டினான். மறுநாளும் அதையேதான் பார்த்தான்.

இப்போது கொட்டகையின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சைக்கிளின் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஃபோர்க்குக்குள் காற்று அடைத்திருக்கும். காற்று அதிகமானால் ஒவ்வொரு கல்லும் கையில் வந்து அடிக்கும். குறைந்தால் பள்ளத்தில் ஃபோர்க் அடிவரை முங்கி ஆளைத் தூக்கிப் போடும். எவ்வளவு வேண்டும் என்பது ஓட்டுகிறவனின் எடையைப் பொறுத்தது. அதனால் சீசன் தொடக்கத்தில் ஒவ்வொருவனும் ஹெல்மெட், ஷூ, தண்ணீர்ப் பை எல்லாம் மாட்டிக்கொண்டு சைக்கிள்மேல் ஏறுவான். இன்னொருவர் பக்கத்தில் நின்று சைக்கிளைப் பிடித்துக்கொள்வார். ஃபோர்க் காலில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். ஏறினவன் எடைக்கு ஃபோர்க் எவ்வளவு முங்குகிறது என்று அந்த வளையம் காட்டும். நாலில் ஒரு பங்குக்குப் பக்கமாக முங்கினால் சரி. தனி ஆளாய்ச் செய்ய முடியாத வேலை அது.

அப்படி ஒருமுறை வைத்தால் தேர்வு நாள்வரை யாரும் தொடக்கூடாது. வித்தியாசமாகத் தெரிந்தால் முதலில் உடம்பை மாற்று, அப்புறம் சைக்கிளை மாற்றலாம் என்பது மாஸ்டரின் பேச்சு. காற்றடிக்கிற சின்னப் பம்ப் ஒன்றே ஒன்று, மீட்டரோடு ஆணியில் தொங்கும். ஒருவனுக்கு மீட்டர் காட்டிய எண்ணை மாஸ்டர் இன்னொருவனுக்குச் சொல்லவும் மாட்டார்.

அந்த வருடம் போஜன் ஏறியபோது மாஸ்டரே பிடித்துக்கொண்டார். காலையில் தின்ற கிழங்கையும் சேர்த்துதான் எடை என்று போஜன் சொல்ல, மாஸ்டருக்குச் சிரிப்பில் கை ஆடியது. தயாபரன் ஏறியபோது வேறு யாரோ பிடித்தார்கள். அவன் தன் ரப்பர் வளையத்தைப் பார்க்கவே இல்லை. போஜனின் எண் என்னவாக இருக்கும் என்றே யோசித்துக்கொண்டிருந்தான். ரகசியம் அதில்தான் இருக்கிறது என்று அவனுக்குத் தோன்றிவிட்டது.

அன்று மதியம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். சைக்கிளைக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போஜனும் ஹட்டிக்கு ஏறினான். கதவைப் பூட்ட வேண்டிய தயாபரன் பூட்டவில்லை. பம்ப்பை எடுத்துப் போஜனின் ஃபோர்க்கில் மாட்டினான். மீட்டர் எழுபதைக் காட்டியது. கழற்றினான். புஸ் என்று சின்னதாய் ஒரு சத்தம். அவ்வளவுதான். தன் ஃபோர்க்கில் மாட்டி, காற்றை இறக்கி இறக்கி எழுபதில் கொண்டுவந்து நிறுத்தினான். அவன் எடைக்கு அது கொஞ்சமும் காணாது.

இரண்டு நாள் கழித்து மறுபடி பார்த்தான். போஜனின் எண் எழுபதுக்குக் கீழே இருந்தது.

கள்ளன், யாருக்கும் தெரியாமல் குறைத்துக்கொண்டு வருகிறான் என்று நினைத்தான். தானும் குறைத்தான். அடுத்த தடவை பார்த்தால் இன்னும் கீழே. அவனும் இன்னும் கீழே போனான். தேர்வு நெருங்க நெருங்க, பார்க்காத நாளில்லை என்றாகிவிட்டது.

போஜன் அதற்குள் மாஸ்டரிடம் போய், முன்பக்கம் மெத்தை மாதிரி இருக்கிறது என்று சொல்லியிருந்தான். கையில் பாரத்தைப் போடாதே, காலில் நில் என்று மாஸ்டர் அனுப்பினார். அவனும் காலில் நின்று பழகினான். பழகினதில் இன்னும் வேகமாக இறங்கினான். அதைப் பார்த்துத் தயாபரன் அந்தக் குறைந்த எண்ணைத்தான் மெச்சினான்.

தயாபரனின் ஃபோர்க் ஆட்டுக்கல்லில் ஒவ்வொரு தடவையும் அடிதட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினான்.

தேர்வுக்கு முந்தின நாள் காலை. போஜன் முன்னால் போனான். ஆட்டுக்கல்லில் சக்கரம் விழுந்தது, ஃபோர்க் அடிவரை முங்கியது, திரும்பி எழவில்லை. போஜன் ஹேண்டிலுக்கு மேலாகப் போய்ச் செடிக்குள் விழுந்தான்.

எலும்பு ஒன்றும் முறியவில்லை. முழங்கையும் முழங்காலும் உரிந்திருந்தன. மாஸ்டர் அவனைக் கொட்டகைக்குக் கூட்டிவந்து, தன் கையாலேயே கழுவி மருந்து போட்டார். தயாபரன் தண்ணீர்க் குவளையைப் பிடித்துக்கொண்டு நின்றான். என் முழங்காலை ஒருநாளாவது இப்படிக் கழுவியிருக்கிறாரா என்று அந்த நேரத்திலும் அவன் மனம் கேட்டது.

போஜன் அவனைப் பார்த்துச் சிரித்தான்.

"அண்ணா, என் ஃபோர்க் கசியுது. ஒரு மாசமாவே எனக்குச் சந்தேகம். நாளைக்கு நான் இறங்கல. நீங்களே போங்க. எனக்கென்ன, அடுத்த வருஷமும் மலை இங்கதான் இருக்கும்."

சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே ஹட்டிக்கு ஏறிப் போனான். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள்.

காத்திருந்த இடம் தயாபரன் கையில் வந்துவிட்டது. சந்தோஷம் வரவில்லை. விட்டுக்கொடுப்பதைக்கூட இவனால் எப்படிச் சிரித்துக்கொண்டே செய்ய முடிகிறது என்றுதான் எரிந்தது. அந்த எரிச்சலில், இத்தனை நாள் அடக்கிவைத்திருந்ததைக் கேட்டேவிட்டான்.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"சீட் அவன் மாதிரி. ஹேண்டில் அவன் மாதிரி. டயரும் அதேதான். அவன் அம்பதுல ஓட்டுறான், நானும் அம்பதுதான் வச்சிருக்கேன். அவன் மட்டும் எப்படி அப்படி இறங்குறான்?"

மாஸ்டர் துணியைப் பிழிந்துகொண்டிருந்தார். பிழிந்து முடித்துக் கம்பியில் போட்டார். ஆணியில் தொங்கிய பம்ப்பைப் பார்த்தார். அப்புறம் தயாபரனைப் பார்த்தார்.

"உங்க சைக்கிளக் கொண்டாங்க."

கொண்டுவந்தான். பம்ப்பை அவன் கையில் கொடுத்தார்.

"மாட்டுங்க. எவ்வளவு காட்டுது?"

"நாப்பத்தேழு." அவன் நெற்றி சுருங்கியது. "காலைலதான் அம்பது வச்சேன்."

"கழட்டுங்க."

புஸ்.

"மறுபடி மாட்டுங்க."

"நாப்பத்தி நாலு."

"கழட்டுங்க. மாட்டுங்க."

"நாப்பத்தொண்ணு." அவன் குரல் இறங்கிவிட்டது. "என்னோடதும் கசியுதா மாஸ்டர்?"

"கசியல."

"அப்பக் காத்து எங்க போகுது?"

மாஸ்டர் பம்ப்பின் குழாயை விரலால் தொட்டுக் காட்டினார்.

"இதுவும் ரொம்பினாத்தான மீட்டர் காட்டும்? அதுக்கு ஃபோர்க்குலேருந்துதான் எடுத்துக்கும். கழட்டுறப்ப அது வெளிய போயிரும். காத்தடிக்கிறவனுக்கு அது பெரிசாத் தெரியாது. சும்மா பாத்துட்டுப் போறவன் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் எடுத்துட்டுத்தான் போறான்."

தயாபரன் குழாயையே பார்த்தான். எழுபது, அதற்குக் கீழே, அதற்கும் கீழே. கொட்டகை மூலையில் போஜனின் சைக்கிள் சாய்ந்திருந்தது. முன்சக்கரத்தில் தேயிலை இலை ஒட்டியிருந்தது.

"போஜனோடதும் கசியல," என்றான்.

"இல்ல."

வெளியே பனி மூடிக்கொண்டு வந்தது. தயாபரன் பம்ப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"நாளைக்கு யார் போறது, மாஸ்டர்?"

"ரெண்டு பேரும் இறங்குங்க. ஓடை சொல்லும்."

தயாபரன் எழுந்து போஜனின் சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்தினான்.

"அவன் நம்பர் என்னன்னு சொல்லுங்க. இப்பவே ரொப்பி வச்சுடறேன். காலைல வந்தா சரியா இருக்கும். அவனுக்குத் தெரியவே வேணாம்."

மாஸ்டர் கொட்டகைக் கதவுவரை போய்விட்டார். அங்கே நின்று திரும்பினார்.

"நம்பர் வச்சு ரொப்பக் கூடாது, தயா. அவன் மேல உக்காரணும். நீ பக்கத்துல நின்னு பிடிச்சுக்கணும்."

சொல்லிவிட்டுப் பனிக்குள் இறங்கிப் போனார்.

தயாபரன் பம்ப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். போஜனின் சைக்கிளை வெளியே தள்ளிக் கதவைப் பூட்டினான். அவன் வீடு கீழே, தொழிற்சாலைக்குப் பக்கத்தில். அவன் மேலே, ஹட்டிக்குப் போகிற பாதையில் நடந்தான்.