இரட்டை முடிச்சு

வடிகட்டும் நாளில் ஜெசிந்தா டீச்சர் ஆக்னஸின் ஜாடியை இரண்டாம் முறை குனிந்து முகர்ந்தார். அன்றிலிருந்து பெர்னதெத்துக்குச் சோறு இறங்கவில்லை.

குன்னூரில் பேரிக்காய் வைன் போடுவதில் டீச்சரை மிஞ்ச ஆளில்லை. வயது முப்பத்தாறுதான். பெர்னதெத்துக்கு ஐம்பத்து மூன்று. ஆனாலும் எட்டு வருஷமாக அவரிடம்தான் கற்றுக்கொள்கிறாள். அவர் இவளை 'அக்கா' என்பார். இவள் அவரை 'டீச்சர்' என்பாள்.

ஆகஸ்ட் மாதம் பழத்தை நசுக்கி, சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டு, மூன்று வாரம் கிண்டி, வடிகட்டி, ஆளுக்கொரு பீங்கான் ஜாடியில் ஊற்றி டீச்சர் வீட்டுப் பின் அறையில் வைப்பார்கள். கிறிஸ்துமஸ் மதிய விருந்துக்குக் கோயிலுக்குப் போவது அதில் ஒரே ஒரு ஜாடி. ஏழு வருஷமாகப் போனது பெர்னதெத்தின் ஜாடி. "இது யார் கைப்பக்குவம்?" என்று பங்குச் சாமியார் கேட்க, மொத்தப் பந்தியும் அவளைத் திரும்பிப் பார்க்கும். அந்த ஒரு நிமிடத்தை நினைத்தே அவளுக்கு வருஷம் ஓடும்.

இந்த வருஷம் ஆக்னஸ் வந்து சேர்ந்தாள். எதற்கெடுத்தாலும் சிரிப்பு. பேரிக்காய்க்கு ஒழுங்காகத் தோல் சீவக்கூடத் தெரியாது.

"அதுல என்னத்தக் கண்டீங்க டீச்சர், ரெண்டு தடவை மோந்து பாத்தீங்க?"

"வாசனை நல்லா இருந்துச்சுக்கா."

"என்னோடது?"

"உங்களோடதும் நல்லா இருக்கு."

கேட்டு வாங்கிய பாராட்டு அவளுக்குப் பாராட்டாகவே படவில்லை.

ஜாடிகளை மூடும்போது டீச்சர் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். "கழுத்து வரைக்கும் நிக்கணும். குறைஞ்சா காத்து பூந்துடும். வெள்ளை வைனுக்குக் காத்துதான் எமன், பழுப்பாகிப் புளிச்சுப் போயிடும். குறைஞ்சா உடனே வேற வைன் ஊத்தி நிரப்பிடணும்."

அறையின் சாவி பெர்னதெத்திடம் இருந்தது. மூத்த மாணவி என்று டீச்சர் கொடுத்தது. சனிக்கிழமைதோறும் கூட்டித் துடைப்பது அவள் வேலை.

முதல் சனிக்கிழமை துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு ஆக்னஸின் ஜாடித் துணியை அவிழ்த்தாள். ஒரு டம்ளர் மொண்டு குடித்தாள்.

நன்றாக இருந்தது. அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

இந்த வாரமாவது கெட்டிருக்காதா என்று அடுத்த சனிக்கிழமையும் ஒரு டம்ளர். கெடவில்லை. வாரத்துக்கு வாரம் மெருகேறிக்கொண்டே போனது. போகப் போக ஏதோ ரொம்பப் பழகின ருசி போலவும் இருந்தது.

"என் பக்குவத்தை அப்படியே காப்பியடிச்சிருக்கா" என்று வீட்டுக்காரரிடம் பொருமினாள்.

"உனக்கெப்படி தெரியும்?"

அவள் குழம்பைக் கிண்டப் போய்விட்டாள்.

இன்னொன்றும் அவளை அரித்தது. எத்தனை மொண்டாலும் மறு வாரம் அந்த ஜாடி கழுத்து வரை நின்றது. எங்கிருந்தோ கொண்டுவந்து ஊற்றுகிறாள், சமர்த்துக்காரி என்று அதற்கும் வயிறு எரிந்தாள். அப்படியே பன்னிரண்டு சனிக்கிழமை போனது.

டிசம்பரில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து மூவரும் ருசி பார்க்க உட்கார்ந்தார்கள். டீச்சர் ஆக்னஸின் ஜாடியிலிருந்து ஊற்றினார். இளம் வைக்கோல் நிறம். கிளாஸுக்குப் பின்னால் விரல் தெரிந்தது. பிறகு பெர்னதெத்தின் ஜாடியிலிருந்து ஊற்றினார். ஆறிப்போன கடுங்காப்பி மாதிரி விழுந்தது. காடி நாற்றம் மூக்கில் ஏறியது.

"ஐயையோ! யாரோ என் ஜாடியில கை வச்சிருக்காங்க டீச்சர்!"

ஆக்னஸ் பதறி அவள் தோளைப் பிடித்தாள். "அழாதீங்கக்கா. என்னுதையே உங்க பேருல குடுத்துடலாம்."

பெர்னதெத் தோளை உதறினாள். "உன் பிச்சை எனக்கு வேணாம்."

டீச்சர் கிளாஸ்களைக் கழுவிவரச் சொல்லி ஆக்னஸை அனுப்பினார்.

"எட்டு வருஷம் கத்துக்கிட்டேன். நேத்து வந்தவளுக்கு மட்டும் எப்படி டீச்சர் இப்படி வந்துச்சு?"

டீச்சர் ஆக்னஸின் ஜாடி வாயில் துணியைப் போட்டுக் கயிற்றைக் கட்டினார். ஒற்றை முடிச்சு.

"இது ஆக்னஸ் போடுறது."

அவிழ்த்தார். மறுபடி கட்டினார். இரட்டை முடிச்சு, நுனியை உள்ளே செருகி.

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நான் பாத்தது இது."

அப்படி முடிச்சுப் போடுகிறவள் அங்கே ஒருத்திதான். பெர்னதெத் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப... நிரப்பினது நீங்களா?"

"ஆமாக்கா."

"எதை ஊத்தி?"

டீச்சர் பெர்னதெத்தின் ஜாடியை விரலால் தட்டினார். பாதிக்கு மேல் வெற்றாக ஒலித்தது.

"எடுத்தவங்களோடதை."

"பன்னெண்டு வாரமா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா டீச்சர்?"

"என்னைக்காவது ஒரு சனிக்கிழமை உங்க ஜாடியைத் திறந்து பாப்பீங்கன்னு இருந்தேன்க்கா."