நீதிபதி மெரிடன் கையில் எந்தக் காகிதம்?

அமெரிக்காவில், சென்ற நூற்றாண்டுக்கும் முந்தைய நூற்றாண்டில், ஓர் ஆற்றங்கரை ஊர். இக்கரையில் அடிமைகள் கிடையாது, அக்கரையில் உண்டு. இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பாக்கியை நான் சொல்கிறேன். கடைசியில் தீர்ப்பு உங்களுடையது.

அந்த ஊரில் ஒபதியா மெரிடன் என்றொருவர். முதலில் செனட்டராக இருந்தார். தப்பி வந்த அடிமைகளைப் பிடித்து எஜமானிடமே ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தபோது, நீலக் கோட்டோடு எழுந்து நின்று மூன்று மணி நேரம் எதிர்த்துப் பேசினார். பேச்சு அச்சாகி வீட்டுக்கு வீடு போயிற்று. சட்டம் என்னவோ நிறைவேறிவிட்டது.

பிறகு அவரை நீதிபதியாக்கினார்கள். விதியின் குறும்பைப் பாருங்கள், அதே சட்டத்தின் கீழ் ஹெட்டி என்ற பெண்ணை அவர் முன்னாலேயே கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஆற்றை நீந்திக் கடந்து வந்தவள். மெரிடன் கறுப்பு அங்கியோடு உட்கார்ந்து, அவளை அக்கரைக்குத் திருப்பி அனுப்பச் சொல்லித் தீர்ப்பு எழுதினார். மறுநாள் காலை, வீட்டில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ராஜினாமாக் கடிதம் எழுதினார். அங்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். அதற்குள் ஹெட்டி அக்கரை போய்ச் சேர்ந்திருந்தாள்.

பெரிய போர் ஒன்று நடந்து அடிமைமுறை ஒழிந்தது. தீர்ப்பு எழுதி எட்டு வருஷம் கழித்து ஹெட்டி அதே ஊருக்கு வந்து துணி வெளுத்துப் பிழைத்தாள். மெரிடனுக்கு வயதாகிவிட்டது. அவர் படத்தைக் கோர்ட்டில் மாட்ட ஊரார் முடிவு செய்து, எஃப்ரைம் போல் என்ற ஓவியரை வரவழைத்தார்கள்.

அந்தக் காலத்து ஓவியர்களுக்கு ஒரு வழக்கம். பெரிய மனிதரை வரைந்தால் அவர் கையில் ஒரு காகிதத்தையும் வரைவார்கள். எந்தக் காரியத்துக்காக அவரை ஊர் நினைக்க வேண்டுமோ, அதன் பெயரை அதில் எழுதுவார்கள். முகமும் உடையும் முடிந்த பிறகு கடைசி வேலை அதுதான்.

"அந்த நீலக் கோட்டையே போட்டுக்குங்க ஐயா. கறுப்பு அங்கி வெளிச்சத்தையெல்லாம் முழுங்கிடும்" என்றார் ஓவியர்.

மெரிடன் கேட்கவில்லை. தாமே பெட்டியைத் திறந்து, அங்கியை உதறி மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். காகிதத்தில் என்ன எழுதட்டும் என்று ஓவியர் கேட்டதற்கு, "அடுத்த வாரம் சொல்றேன்" என்றார். அடுத்த வாரம் அவர் உயிரோடு இல்லை.

காகிதம் வெறுமையாக நின்றது. அதில் என்ன எழுதலாம் என்று சொல்ல மூன்று பேர் வந்தார்கள்.

மகள் லவினியா, "அப்பாவோட செனட் பேச்சை எழுதுங்க. அவர் மனசு முழுக்க அதுலதான் இருந்துச்சு" என்றாள்.

பழைய நண்பர், வக்கீல் சைலஸ் கார், "பேசறவன் ஆயிரம் பேர் இருக்கான். பதவியைத் தூக்கி எறிஞ்சவர் இவர் ஒருத்தர்தான். ராஜினாமாவை எழுதுங்க" என்றார்.

ஹெட்டி வாசலிலேயே நின்று, "என் தீர்ப்பை எழுதுங்க" என்றாள்.

லவினியாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "செத்தவர்மேல பழி தீர்த்துக்கிறியா?"

"பழி தீர்க்கிறதா இருந்தா அவர் இருக்கும்போதே தீர்த்திருப்பேம்மா. அவர் சட்டையெல்லாம் நான்தான் துவைச்சேன். அந்த எட்டு வருஷத்துல எனக்கு ஒரு பிள்ளை பொறந்து, அங்கேயே செத்துப்போச்சு. நீங்க வேற எதை எழுதினாலும், எனக்கு ஒண்ணுமே நடக்கலேன்னு ஆயிடும்."

 

திங்கட்கிழமை படத்தை மாட்டியாக வேண்டும். வார்னிஷ் பூசிவிட்டால் பிறகு ஓர் எழுத்தும் மாற்ற முடியாது. சொல்லுங்கள், மூவரில் யார் கேட்டது சரி? ஓவியர் எதை எழுத வேண்டும்?

விடை: ஹெட்டி கேட்டதுதான். மகளின் பாசத்திலோ நண்பரின் மதிப்பிலோ குறை ஒன்றும் இல்லை. ஆனால் பேசியபோது அவர் உடம்பில் இருந்தது கோட்டு. ராஜினாமா எழுதியபோது வெறும் சட்டை. அங்கியோடு அவர் கையில் பிடித்த காகிதம் மூன்றில் ஒன்றுதான், ஹெட்டியின் தீர்ப்பு. வாயால் சொல்லத் துணியாததை அந்த மனிதர் உடுத்திக்கொண்டு உட்கார்ந்து சொல்லிவிட்டார். ஓவியர் தீர்ப்பைத்தான் எழுதினார், ஹெட்டியின் பெயரோடு. திங்கட்கிழமை லவினியா வரவில்லை. ஹெட்டி வந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. "இதுல நான் எங்க இருக்கேன்?" என்று ஓவியரிடம் கேட்டாள். அவர் காட்டிய இடத்தை, கூட்டம் கலைந்து போகும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.