எறும்பு காட்டிக்கொடுத்த மாத்திரை

மருந்து டப்பாவில் எறும்பு மொய்த்ததைப் பார்த்த பிறகுதான் புளியங்குளம் ஜமீன்தாருக்கு விஷயம் விளங்கிற்று. அடைமழையில் வைத்தியர் வரவில்லை. மூட்டுவலி மாத்திரையும் தீர்ந்துபோனது. ஏச்சுக்குப் பயந்த வேலைக்காரன் மாசாணம், கருப்பட்டியில் மாவைப் பிசைந்து உருட்டிப் போட்டு வைத்திருந்தான்.

"கருப்பட்டியைக் கொடுத்தாடா என்னை ஏமாத்தினே?" என்று ஜமீன்தார் போட்ட சத்தம் ஆளில்லாத அறைகளில் எல்லாம் முட்டித் திரும்பி வந்தது. பிள்ளைகள் பட்டணம் போய்ப் பல வருஷமாகிறது. மாசாணத்துக்கோ போவதற்கு ஒரு வீடு கிடையாது.

"ஆனா வலி நின்னுச்சே, எசமான்?"

"நேத்து நின்னுச்சு. இன்னிக்கு நிக்கலே! இனிமே தினமும் ஒண்ணுபோல நிக்கணும். இல்லேன்னா மூட்டையைக் கட்டு."

மாசாணம் கைகட்டி நின்றான். "உத்தரவு, எசமான். நேத்துத் தின்ன அதே உருண்டைதான் டப்பாவிலே இருக்கு. நேத்துத் தின்ன அதே எசமானையும் கொஞ்சம் வரச் சொல்லுங்க."

"அது எந்த எசமான்டா?"

"சாயங்காலம் பூரா என்கூட ஆடுபுலி ஆட்டம் ஆடி, தோத்துட்டுச் சிரிச்சாரே, அவருதான். இன்னிக்கு இருக்கிறவரு, மாத்திரையை நிலைப்படியிலே வச்சுட்டுப் போடான்னு விரட்டினவரு."

ஜமீன்தார் ஓர் உருண்டையை எடுத்து, எறும்பை ஊதித் தள்ளிவிட்டு, வாயில் போட்டுக்கொண்டார்.

"இன்னிக்கு நிக்குமாடா?"

"அதை யாரு சொல்ல முடியும், எசமான்?" மாசாணம் தரையில் உட்கார்ந்து காய்களை அடுக்கத் தொடங்கினான். "நிக்காட்டி, இன்னோர் ஆட்டம் போடுவோம்."