தக்கை சொன்ன வயது

எங்கள் குன்னூர் எஸ்டேட் முதலாளி விருந்தில் நுரைக்கும் வெள்ளை ஒயினைத் திறந்து, "முப்பது வருசப் பழசு!" என்று மோந்து மோந்து ரசித்தார். கோப்பை கழுவும் மாரப்பன் சிரித்துவிட்டான்.

"சிரிப்பா? ஒரு சொட்டும் குடிக்காம இதோட வயசைச் சொல்லுடா. தப்பாச் சொன்னா வேலை போச்சு!"

மாரப்பன் புட்டியிலிருந்து தெறித்துக் கீழே கிடந்த தக்கையை எடுத்தான். "கிழட்டுத் தக்கைன்னா, வருசக்கணக்கா புட்டிக் கழுத்துல இறுகிச் சூம்பியே கிடக்கும், ஐயா. இது வெளியே வந்ததும் பாவாடை மாதிரி விரிஞ்சிருக்கு. மூணு வருசம்கூட ஆகலை."

விருந்தாளிகள் சிரித்தார்கள். முதலாளி உடனே, "பட்லர் பண்ணின திருட்டு!" என்று என்னைக் கைகாட்டினார். அவர் சொல்லித்தான் புதுப் புட்டியில் பழைய லேபிளை ஒட்டினேன்.

இருபது வருடம் ஒயின் ஊற்றிய நான் தக்கையைக் குனிந்து பார்த்ததில்லை. இப்போது என் வேலையும் பட்லரின் வெள்ளைக் கோட்டும் மாரப்பனுக்கு. எனக்குக்கூட அது அப்படிப் பொருந்தியதில்லை.