புகையனின் இடது பக்கம்

ஆவாரங்காட்டில் ஓர் ஆட்டு மந்தை இருந்தது. நாற்பது ஆடுகள், காவலுக்கு ஒரே நாய். அவன் பெயர் புகையன். கண் திறக்காத குட்டியாய் ஓடைக்கரையில் கிடந்தவனை அந்த ஆடுகள்தான் பால் கொடுத்து வளர்த்தன. இப்போதும் தினம் காலையில் தாயாடுகள் வரிசையாக வந்து, குளத்தங்கரைப் பாறைக் குழியில் கொஞ்சம் பால் சொரிந்துவிட்டுப் போகும். அது புகையனின் பங்கு. குடித்து முடித்து, குழியை நாக்கால் துடைத்துவிட்டு, நரியெல்லாம் நடுங்க ஒரு குரல் கொடுப்பான்.

அப்பேர்ப்பட்ட புகையனிடம் ஒரு ரகசியம் இருந்தது. போன மழைக்காலத்தில் அவன் இடது காதில் சீழ் வைத்தது. புண் ஆறிவிட்டது, காது மட்டும் திரும்பி வரவில்லை. அந்தப் பக்கம் இடி விழுந்தாலும் அவனுக்குத் தெரியாது. வெளியே சொன்னால் காவல் போய்விடும், காவல் போனால் பாலும் போய்விடும் என்று பயந்து வாயை இறுக்க மூடிக்கொண்டான்.

அவனுக்கு ஒரே தொந்தரவு கொம்பிதான். கொம்பி மந்தையின் தலைவி. புகையன் எங்கே படுத்தாலும் அவன் இடப்பக்கமாக வந்து நின்றுகொண்டு அசைபோடுவாள். சில நேரம் கொம்பால் இடித்தும் வைப்பாள். எரிச்சலோடு திரும்பினால், சரியாக அந்தப் பக்கம் ஒரு நரி பதுங்கி வந்துகொண்டிருக்கும். பாய்ந்து விரட்டிவிட்டு, தன் மோப்பத்தைத் தானே மெச்சிக்கொள்வான்.

ஒருநாள் தவிட்டு நிறத்தில் ஒரு பெட்டை நாய் குளத்தங்கரைக்கு வந்து சேர்ந்தாள். விலா எலும்பை எண்ணிவிடலாம். மலையில் சிறுத்தை துரத்துகிறது, ஒரு மூலையில் இடம் கொடுத்தால் போதும், நானும் காவல் காக்கிறேன் என்று கெஞ்சினாள். தவிட்டி என்று அவளுக்குப் பெயர் வைத்து, இரண்டாவது நாயாகச் சேர்த்துக்கொள்ளலாமா என்று மந்தை கூடிப் பேசியது.

அதற்கு அங்கே ஒரு வழக்கம் உண்டு. வந்த நாய் ஆறு நாள் கூட நின்று காவல் காக்கும். ஏழாம் நாள் காலையில், இருக்கிற நாய் பால் குழியை விட்டு ஒதுங்கி வழிவிட்டால், வந்தவள் மந்தையில் ஒருத்தி. ஒதுங்காவிட்டால், திரும்பவும் மலைக்கே போகவேண்டியதுதான். மந்தை என்ன நினைத்தாலும் முடிவு புகையனுடையது.

இவள் இரண்டு நாள் பக்கத்தில் நின்றால் காது விஷயம் வெளியே வந்துவிடுமே! புகையன் யோசித்து ஒரு தந்திரம் செய்தான்.

“இங்க ஒரு ஒழுங்கு இருக்கு. நீ என் வலப்பக்கம்தான் நிக்கணும். இடப்பக்கம் என்னோடது. அங்க கால் வச்சே, அன்னைக்கே உன்னைத் துரத்திடுவேன்!”

“சரிண்ணே,” என்றாள் தவிட்டி.

இப்படியாக, கேட்கிற பக்கத்துக்கு இரண்டு காவல் கிடைத்தது. கேட்காத பக்கத்துக்கு ஒன்றுமே இல்லை. கொம்பியோ, நாய்தான் இரண்டாகிவிட்டதே என்று நிம்மதியாக மற்ற ஆடுகளோடு தண்ணீர் குடிக்கப் போனாள். அவள் அப்படிச் சேர்ந்து குடித்து வெகு நாளாகியிருந்தது.

ஆறாம் நாள் உச்சிவெயில். ஆடுகள் குளத்தில் தலை கவிழ்ந்திருந்தன. கொம்பி போன மாதம் ஈன்ற குட்டி மட்டும் புகையனுக்கு இடப்பக்கம் ஆவாரஞ்செடி ஓரமாகத் துள்ளிக்கொண்டிருந்தது. செடிக்குள் ஏதோ சரசரத்தது.

“அண்ணே, இடப்பக்கம் சத்தம் கேக்குது!”

“எனக்குக் கேக்காதது உனக்கு மட்டும் கேட்டுதாக்கும்? உன் இடத்துல நில்லு!”

தவிட்டி நிற்கவில்லை. புகையனைத் தாண்டிக் குதித்தாள். அதற்குள் ஒரு நரி பாய்ந்து ஆட்டுக்குட்டியின் காலைக் கவ்விவிட்டது. அந்த நரியின் கழுத்தில் தவிட்டி பல்லை இறக்கினாள். பின்னாலேயே வந்த இரண்டாவது நரி அவள் முன்னங்காலைக் கடித்துக் கிழித்தது. அப்போதுதான் புகையன் திரும்பிப் பார்த்தான். பதறிப் பாய்ந்தான். நரிகள் குட்டியைப் போட்டுவிட்டு ஓட்டம் பிடித்தன.

சத்தம் கேட்டு ஆடுகள் தலை தூக்கின. அவற்றின் கண்ணில் பட்டது, புகையன் நரிகளை விரட்டிக்கொண்டு ஓடியது மட்டும்தான். புகையன் குட்டியைக் காப்பாற்றிவிட்டான் என்று மந்தையே கொண்டாடியது. தவிட்டி வாய் திறக்காமல் காலை நக்கிக்கொண்டிருந்தாள்.

மாலையில் புகையன் அவளிடம் மெல்லப் போனான். ஏன் எதுவும் சொல்லவில்லை என்று கேட்டான்.

“ஆறு நாள் பயமில்லாமத் தூங்கினேண்ணே. அதுவே எனக்குப் பெருசு. உங்க பேரைக் கெடுத்துட்டா போவேன்?”

ஏழாம் நாள் விடிந்தது. குழி நிறையப் பால். நாற்பது ஆடுகளும் சுற்றி நின்றன. புகையன் குனிந்தான். பால் வாசம் மூக்கில் ஏறியது. கண் திறக்காமல் கிடந்த நாளில் இதே பாலைத்தான் ஆடுகள் அவன் வாயில் விட்டன. உனக்கு என்ன தெரியும் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. நாக்கை நனைக்காமல் பின்வாங்கினான்.

“குட்டியைக் காப்பாத்தினது நான் இல்ல, இவதான். எனக்கு இடது காது கேக்காது. அதை மறைக்கத்தான் இவளை வலப்பக்கமே நிறுத்தி வச்சேன். போகணும்னா நான் போறேன். இவ இருக்கட்டும்.”

கொம்பி நொண்டுகிற குட்டியோடு முன்னால் வந்தாள்.

“உன் காது கேக்காதுன்னு எங்களுக்கு எப்பவோ தெரியும் புகையா. இல்லாட்டி நான் ஏன் உன் இடப்பக்கமே நின்னு இடிச்சுக்கிட்டு இருக்கேன்? நீ மறைக்கணும்னு நினைச்சே, நாங்களும் கேக்காம விட்டுட்டோம். இப்ப எனக்குக் குட்டி ஆயிடுச்சு, எப்பவும் உன்கூட நிக்க முடியல. உனக்கு ஒரு காது வேணும்னுதான் இவளைச் சேர்த்துக்கலாம்னு பேசினோம். உன்னை அனுப்பவா பேசினோம்?”

இத்தனை நாளும் தான் மந்தையைக் காத்ததாக நினைத்திருந்த புகையன், மந்தை தன்னைக் காத்ததை அன்றுதான் அறிந்தான். கண்ணீர் முட்ட, ஒவ்வொரு ஆட்டிடமும் போய்த் தலை தாழ்த்தி நன்றி சொன்னான். தவிட்டி வயிறு நிறையக் குடித்துவிட்டு, பாதியை அவனுக்கு வைத்தாள். பிறகு நொண்டியபடியே போய் அவனுடைய இடப்பக்கத்தில் படுத்தாள்.

தன் குறையை மறைக்கத் துணையைத் தள்ளி வைக்காமல், உள்ளதைச் சொல்லி நன்றியோடு அந்தத் துணையை ஏற்றுக்கொள்கிறவனுக்கே உண்மையான காவல் கிடைக்கும்.